அட்டாக் வந்த பிறகு கொலஸ்ட்ரால் மாத்திரை: இதயம் தேறுவதற்கா, அடுத்த அட்டாக்கைத் தடுப்பதற்கா?

கயல்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. போன மாதம் ஹார்ட் அட்டாக் வந்தது. அன்றைக்கே ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார். எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 40% என்று இருக்கிறது.

டிஸ்சார்ஜ் தாளில் ஏழெட்டு மாத்திரை. அதில் ஒன்று அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம். எனக்குக் குழப்பமே இதில்தான். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் எப்போதுமே அதிகமாக இருந்ததில்லை. அட்டாக் வந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 104. தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. அப்படியிருக்க எதற்கு இவ்வளவு பெரிய டோஸ்? இதயத் தசை தேறுவதற்கு இது உதவுமா? பம்பிங் ஏறுமா?

இன்னொன்று. சில நாளாக இரண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி என்கிறார். பெரியப்பா ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணம், இன்றோடு நிறுத்து" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் நிறுத்தலாமா என்று யோசிக்கிறார். அடுத்த செக்கப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

கயல், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதற்காக மூன்று வாரம் வலியோடு காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே மருத்துவமனைக்குப் போன் போட்டு, இரண்டு காலிலும் சதைவலி இருக்கிறது என்று சொல்லுங்கள். சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். தசை பாதிக்கப்பட்டிருந்தால் அதில் தெரியும். அட்டாக் வந்த முதல் சில நாள் இந்த எண் எப்படியும் ஏறித்தான் இருக்கும், இதயத் தசையிலிருந்தும் அது கசிவதால். ஒரு மாதம் ஆகிவிட்டதால் இப்போது அந்தக் குழப்பம் வராது.

சிறுநீர் அடர்பழுப்பாகப் போனாலோ, நாற்காலியிலிருந்து எழவே முடியாத அளவுக்குக் கால் சோர்ந்துபோனாலோ போன் செய்து கொண்டிருக்காமல் நேராகக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். தசை சிதைந்து கிட்னியைப் பாதிக்கும் நிலை அது. மிக அரிது, பத்தாயிரம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. "மாத்திரையை நிறுத்து" என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்தால் அது ஒரு மாத்திரையோடு நிற்பதில்லை. ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கக் கொடுத்திருக்கும் ஆஸ்பிரினையும் அதோடு சேர்ந்த இன்னொரு மாத்திரையையும் சேர்த்து ஓரம்கட்டிவிட்டு, மறுபடி அட்டாக்கோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அந்த இரண்டையும் விடுவது உயிருக்கே ஆபத்து. பெரியப்பாவிடம் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி

இரவுப்பணி மேடம் சொன்னதே போதும், அதற்கு மேல் அவசரம் எதுவும் இல்லை. நான் மருந்தாளர். "கொலஸ்ட்ரால் நார்மல்தானே" என்ற கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

லேப் தாளில் அச்சிட்டிருக்கும் எல்லை, பொதுவாக எல்லோருக்குமானது. ஒரு தடவை அட்டாக் வந்தவருக்கு அந்த எல்லை பொருந்தாது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-இல் வகுத்த வழிகாட்டுதல்படி, அட்டாக் வந்தவருக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும், கூடவே ஆரம்ப அளவிலிருந்து பாதியாவது குறைய வேண்டும். இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது முறை வந்துவிட்டால் 40. அமெரிக்கர்கள் ரொம்ப நாள் 70-ஐத்தான் எல்லையாக வைத்திருந்தார்கள். 2025-இல் அவர்களும் 55 முதல் 69 வரை இருந்தால்கூட இன்னொரு மருந்து சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக உங்கள் அப்பாவின் 104 என்பது அட்டாக்குக்கு முன்னால் நார்மல், பின்னால் இரண்டு மடங்கு.

கொலஸ்ட்ரால் சாதாரணமாக இருப்பவர்களுக்கும் பலன் உண்டா என்று தனியாகவே சோதித்திருக்கிறார்கள். 1996-இல் வந்த கேர் ஆய்வு அதற்காகவே நடந்தது. அட்டாக் வந்த, ஆனால் கொலஸ்ட்ரால் சராசரியாகவே இருந்த 4,159 பேர். பாதிப் பேருக்கு ப்ராவாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மறுபடி அட்டாக் வருவதும் அதனால் இறப்பதும் மருந்து எடுத்தவர்களிடம் 24% குறைவு.

பெரிய டோஸ் எதற்கு என்றால், 2004-இல் வந்த ப்ரூவ்-இட் ஆய்வைச் சொல்ல வேண்டும். அட்டாக்கோ, அட்டாக்குக்கு முந்தைய நெஞ்சுவலியோ வந்து பத்து நாளுக்குள் இருந்த 4,162 பேர். ஒரு குழுவுக்கு ப்ராவாஸ்டாட்டின் 40, இன்னொன்றுக்கு அடோர்வாஸ்டாட்டின் 80. எல்.டி.எல். முதல் குழுவில் 95-க்கும் இரண்டாவது குழுவில் 62-க்கும் வந்தது. இரண்டு வருடத்தில் மரணம், மறு அட்டாக், பக்கவாதம், மறுபடி அட்மிஷன் எல்லாம் சேர்த்து முதல் குழுவில் 26.3%, இரண்டாவதில் 22.4%. முதல் மாதத்திலேயே இரண்டு குழுவும் பிரியத் தொடங்கிவிட்டன. அதனால்தான் டிஸ்சார்ஜ் ஆகும்போதே 80 எழுதுகிறார்கள்.

எதிர்க்கேள்வி

மாத்திரைப்பெட்டி சார், "24% குறைவு" என்று சொன்னால் கேட்பவருக்கு நூற்றில் 24 பேர் பிழைத்தார்கள் என்றுதான் தோன்றும். அது அப்படி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். இந்த மருந்துகளின் பெயரை நிலைநாட்டிய 4எஸ் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 1994, ஸ்காண்டிநேவிய நாடுகள், 4,444 பேர், ஐந்து வருடத்துக்கு மேல். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12% பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 8%. விளம்பரத்தில் இது "மரணம் 30% குறைந்தது" என்று வரும். நூறு பேர் ஐந்து வருடம் மாத்திரை விழுங்கினால் நான்கு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று சொல்வதுதான் நேர்மை. மீதி 96 பேருக்கு, உயிர் என்ற கணக்கில், மாத்திரை எதையும் மாற்றவில்லை.

நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நோயாளிக்கு முழு எண்ணையும் சொல்ல வேண்டும். கயல் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் கேட்டது "இதயம் தேறுமா" என்று. நீங்கள் சொன்னது "அடுத்த அட்டாக் குறையும்" என்று. இரண்டும் ஒன்றல்ல.

உள்மருத்துவர்

எதிர்க்கேள்வி கடைசியில் கேட்டதுதான் இந்த இழையின் மையம். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். பொது மருத்துவராக அட்டாக் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கயல் அப்பாவை நேரில் பார்க்காததால் அவருக்கு மருந்து சொல்லவில்லை, விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நீளமாக வரும்.

அட்டாக்கில் ரத்தம் போகாமல் செத்துப்போன தசை திரும்ப வளராது. வெள்ளை அணுக்கள் வந்து அதை அப்புறப்படுத்தும், அந்த இடத்தில் தழும்பு உருவாகும். இது உறுதிப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தழும்பு சுருங்கி விரியாது. அதைச் சுற்றியுள்ள நல்ல தசைதான் கூடுதல் வேலையை இழுத்துச் செய்கிறது. அந்தச் சுமையில் இதயம் மெல்ல மெல்லப் பெரிதாகி, சுவர் மெலிந்து, பம்பிங் இன்னும் இறங்குவது உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை இந்தத் தழும்பைத் தசையாக மாற்றாது. உலகத்தில் எந்த மாத்திரையும் இன்றுவரை மாற்றாது.

ஸ்டாட்டின் (அடோர்வாஸ்டாட்டின் மாதிரி அப்படி முடியும் பெயருள்ள கொலஸ்ட்ரால் மாத்திரைகள்) இதில் கொஞ்சமாவது உதவுமோ என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பலமாக இருந்தது. அது வெறும் ஆசையில் பிறந்ததும் இல்லை. ஈரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையை ஸ்டாட்டின் அடைக்கும்போது, அதே பாதையில் உருவாகும் வேறு சில பொருள்களும் குறைகின்றன. அதனால் ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கிறது, அழற்சி தணிகிறது. எலிகளுக்கு அட்டாக் வரவழைத்து ஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த எலிகளின் இதயம் குறைவாகவே விரிந்தது, தழும்பைச் சுற்றிய பகுதி நன்றாக இருந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் இப்படிக் கட்டுரைகள் வரிசையாக வந்தன.

பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். 2007-இல் கொரோனா என்றொரு ஆய்வு, வைரஸுக்குப் பல வருடம் முன்பு வைத்த பெயர். அறுபது வயதைத் தாண்டிய, ரத்தக்குழாய் அடைப்பால் பம்பிங் இறங்கிய 5,011 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 10. எல்.டி.எல். நன்றாகவே இறங்கியது. ஆனால் இதய மரணம், அட்டாக், பக்கவாதம் மூன்றையும் சேர்த்து எண்ணியதில் கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் ஓரளவு குறைந்தது. அடுத்த வருடம் இத்தாலியில் 4,574 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி-ஹெச்எஃப் ஆய்விலும் பலன் இல்லை. இதயம் ஏற்கெனவே நன்றாகத் தளர்ந்து, பெரிதாகி, அதுவே நோயாக நின்றுவிட்ட பிறகு கொலஸ்ட்ராலைக் குறைத்து அதை மீட்க முடியாது என்பது இந்த இரண்டிலும் தெளிவாகிவிட்டது. பம்பிங்கை ஏற்றுவதற்காக யாராவது ஸ்டாட்டின் கொடுத்தால் அதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் எதற்கு? அட்டாக் வந்த குழாய் ஒன்றுதான், ஆனால் நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. 2011-இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில், இதய அடைப்போடு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 697 பேரின் மூன்று பெரிய ரத்தக்குழாய்களையும் உள்ளிருந்தே படம் பிடித்து வைத்துவிட்டு, மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மறுபடி வந்த பிரச்சினைகளில் கிட்டத்தட்ட பாதி, ஸ்டென்ட் வைத்த இடத்தில் வரவில்லை. வேறு இடத்தில் வந்தது. முதல் ஆஞ்சியோவில் பெரிதாகக் கண்ணில் படாத, குழாய்ச் சுவரில் இருந்த சிறு கொழுப்புப் படிவுகள் அவை.

இந்தப் படிவைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். நடுவில் கூழ் மாதிரி கொழுப்பும் செத்த செல்களும். அதற்கு மேல் நார்த்திசுவால் ஆன ஒரு மூடி. ரத்தத்துக்கும் அந்தக் கூழுக்கும் நடுவில் இருப்பது அது மட்டும்தான். உடையும் நிலையில் உள்ள படிவில் அந்த மூடியின் தடிமன் 65 மைக்ரானுக்கும் கீழே, ஒரு தலைமுடி அளவு. அது கிழிந்தால் கூழ் ரத்தத்தில் படும், படும் இடத்தில் ரத்தம் உறையும், குழாய் அடைபடும். அட்டாக் என்பது பெரும்பாலும் இதுதான். எல்.டி.எல். கடுமையாகக் குறையும்போது நடுவில் உள்ள கூழ் வற்றுகிறது, மூடி தடிக்கிறது. 2022-இல் வெளியான பேக்மேன்-ஏஎம்ஐ ஆய்வில் அட்டாக் வந்தவர்களிடமே இதை அளந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ரோசுவாஸ்டாட்டின், பாதிப் பேருக்குக் கூடவே எல்.டி.எல்.-ஐ இன்னும் இறக்கும் அலிரோகுமாப் ஊசி. ஒரு வருடத்தில் ரோசுவா மட்டும் எடுத்தவர்களுக்கு மூடி சராசரியாக 33 மைக்ரான் தடித்திருந்தது. ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 62.

அட்டாக் முடிந்த முதல் மாதங்களில் இது இன்னும் முக்கியம். 2012-இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வொன்றில், ஒரு அட்டாக் வந்ததுமே மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் வெள்ளை அணுக்களைக் கொட்டத் தொடங்கி, வேறு இடங்களில் இருந்த படிவுகளின் அழற்சியைக் கிளறிவிட்டதைக் கண்டார்கள். செத்த தசையைச் சுத்தம் செய்ய வரும் படையே மற்ற படிவுகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. முதல் அட்டாக்குக்குப் பின் சில மாதங்களில் இரண்டாவது வரும் வாய்ப்பு ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆக, தழும்பு ஆறிக்கொண்டிருக்கும்போது அடுத்த படிவு உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்டாட்டின் செய்யும் உதவி. 40% பம்பிங்கோடு இருக்கும் இதயத்துக்கு இன்னொரு அட்டாக் வந்தால், மிச்சம் இருக்கும் நல்ல தசையில் ஒரு பங்கு போய்விடும். தேறுவதற்கு மிஞ்சுவது இன்னும் குறைந்துவிடும். நேரடியாகத் தேற்றவில்லை என்றாலும், தேறிக்கொண்டிருப்பதை இழக்காமல் காப்பது சின்ன விஷயம் இல்லை.

கயல்

மிக்க நன்றி டாக்டர். இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. அப்படியானால் அப்பாவின் 40% அப்படியேதான் இருக்குமா? ஏற வழியே இல்லையா? அதைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

உள்மருத்துவர்

இல்லை, வழி நிறையவே இருக்கிறது. அட்டாக்குக்குப் பின் உடனே எடுத்த எக்கோவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ரத்தம் தடைபட்ட பகுதியில் கொஞ்சம் தசை செத்திருக்கும், கொஞ்சம் உயிரோடு இருந்தும் அதிர்ச்சியில் வேலை செய்யாமல் இருக்கும். குழாயைத் திறந்துவிட்ட பிறகு இந்த இரண்டாவது பகுதி சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் அட்டாக் வந்து 40 நாள் கழித்தும், ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் கழித்தும் மறுபடி எக்கோ பார்த்த பிறகுதான் பெரிய முடிவுகளை எடுப்பார்கள். பலருக்கு எண் ஏறியிருக்கும்.

பம்பிங்குக்காகவே உள்ள மருந்துகள் வேறு. அப்பாவின் தாளில் "ப்ரில்" என்றோ "சார்டன்" என்றோ முடியும் பெயர் இருக்கும், "லால்" அல்லது "லோல்" என்று முடியும் பெயர் இருக்கும். 1992-இல் சேவ் ஆய்வில், பம்பிங் 40%-க்கு மேல் போகாத 2,231 பேருக்குக் காப்டோப்ரில் கொடுத்தபோது மரணம் 25%-லிருந்து 20%-ஆகக் குறைந்தது, இதயம் விரிவதும் குறைந்தது. 2001-இல் கார்வெடிலாலுக்கும் 2003-இல் எப்ளரினோன் என்ற வேறொரு மருந்துக்கும் இதே மாதிரி நோயாளிகளிடம் பலன் தெரிந்தது. பிபி நார்மலாக இருந்தாலும் இவற்றை எழுதுவது இதனால்தான். "எனக்குத்தான் பிபி இல்லையே" என்று சொல்லி இவற்றை விட்டுவிடுபவர்கள் உண்டு, அப்பாவிடம் அதையும் சொல்லி வையுங்கள். இதற்கெல்லாம் மேலே, மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. அதற்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் நாம் கேட்டால்தான் வரும்.

இரண்டாம் இன்னிங்ஸ்

கயல், நானும் அட்டாக் வந்து மீண்டவன்தான். சதைவலியைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்கும் அடோர்வா 80-தான் ஆரம்பம். மாடிப்படி இறங்கும்போது தொடை இழுத்துப் பிடிக்கும், காலையில் கட்டிலில் இருந்து எழும்போது கால் மரத்த மாதிரி இருக்கும். டாக்டரிடம் சொன்னேன். சி.பி.கே. பார்த்தார், நார்மல். கூடவே தைராய்டும் வைட்டமின் டி-யும் பார்த்தார். தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஸ்டாட்டின் எடுப்பவருக்குத் தசைவலி கூடுமாம், அது எனக்குப் புதுத் தகவல். எல்லாம் சரியாக இருந்ததால், அவரே சொல்லி கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, ரோசுவாஸ்டாட்டினில் சின்ன டோஸில் ஆரம்பித்து, எஸெடிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார். இப்போது எல்.டி.எல். 50-க்குக் கீழே. வலி அவ்வப்போது எட்டிப் பார்க்கும், நடைப்பயிற்சியைத் தடுக்கும் அளவுக்கு இல்லை.

சொல்ல வருவது இதுதான்: "இந்த மாத்திரை அல்லது ஒன்றுமே இல்லை" என்ற நிலைமை கிடையாது. மாற்று நிறைய இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க வேண்டுமானால் வலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா தலைமுறை ஆண்கள் பலர் டாக்டர் முன்னால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் கூடப் போங்கள்.

எதிர்க்கேள்வி

உள்மருத்துவருக்கு நன்றி. பம்பிங்குக்கு ஆதாரம் இல்லை என்று நேராகச் சொன்னது மரியாதைக்குரியது.

ஆனால் சதைவலி விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. என் நெருங்கிய உறவினர் ஒருவர் வலி என்று சொன்னபோது, பார்த்த மருத்துவர் "எல்லாம் மனசுதான், கூகுள் பண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடக்கவே சிரமப்பட்ட மனிதரிடம் இப்படிப் பேசினால் அவர் மாத்திரையையும் விடுவார், மருத்துவரையும் விடுவார். இரண்டும் நடந்தது. "நோசிபோ" (மருந்து கெடுதல் செய்யும் என்ற எதிர்பார்ப்பாலேயே வரும் உபாதை) என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வலியையும் தள்ளிவிடுகிறார்கள்.

மாத்திரைப்பெட்டி

அந்த மருத்துவர் பேசியது தவறு. அந்த மாதிரிப் பேச்சுக்கு எந்த ஆய்வும் துணை நிற்காது. ஆனால் நோசிபோ என்ற விஷயம் பொய்யில்லை, அதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

2020-இல் சாம்சன் என்ற ஆய்வு வந்தது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு வாரத்துக்குள் நிறுத்திய அனுபவம் உள்ள 60 பேர். ஒவ்வொருவருக்கும் 12 குப்பி. நான்கில் அடோர்வாஸ்டாட்டின் 20, நான்கில் மருந்தே இல்லாத மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு குப்பி என்று கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று எடுப்பவருக்குத் தெரியாது, காலிக் குப்பி மட்டும் தெரியும். தினமும் போனில் தன் உபாதைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெறும் மாத்திரை எடுத்த மாதங்களில் 15.4. ஸ்டாட்டின் எடுத்த மாதங்களில் 16.3.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வலி நிஜம். 8-லிருந்து 16-க்குப் போனது உண்மையான அவஸ்தை, யாரும் கற்பனை செய்து எழுதவில்லை. இரண்டு, அந்த அவஸ்தையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரையிலும் வந்தது. அதாவது அதை உண்டாக்கியது அடோர்வாஸ்டாட்டின் என்ற பொருள் இல்லை, மாத்திரை எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பும் கவலையும், வயதோடு எப்படியும் வரும் வலிகளும். தங்கள் எண்களைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை. எண்ணைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

நிஜமாகவே மருந்தால் வரும் தசைவலியும் உண்டு, அதை மறுக்கவே கூடாது. பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். இருபக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். நிறுத்தினால் சில வாரத்தில் அடங்கும், மறுபடி தொடங்கினால் திரும்ப வரும். கயல் அப்பாவின் வலி இருபக்கமும் இருப்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்க்கேள்வி சொன்ன "நூற்றுக்கு நான்கு" கணக்கும் சரி. ஆனால் அது உயிரிழப்பு மட்டும், ஐந்து வருடத்துக்கு மட்டும், அதுவும் இன்றைய டோஸைவிடச் சின்ன டோஸில். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு: எல்.டி.எல். 39 புள்ளி குறைந்தால் அட்டாக், பக்கவாதம் போன்றவை சுமார் 22% குறையும். கயல் அப்பாவுக்கு 104 பாதியாகி 52-க்கு வந்தால் கிட்டத்தட்ட 30%. முதல் அட்டாக் முடிந்த, பம்பிங் குறைந்த ஒருவருக்கு அடிப்படை ஆபத்தே அதிகம், அதனால் அந்த 30% என்பது நூற்றில் பல பேர்.

இரவுப்பணி

ஒரு சின்ன விஷயம். சிம்வாஸ்டாட்டின்தான் இரவில் எடுக்க வேண்டும். அடோர்வாவும் ரோசுவாவும் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், எப்போது எடுத்தாலும் சரி. இரவு மறந்துபோகிறவர்கள் காலை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், நாலிலிருந்து ஆறு வாரத்தில் எல்.டி.எல். மறுபடி பார்க்க வேண்டும். பல பேர் இதைப் பார்ப்பதே இல்லை, பார்க்காமல் "மாத்திரை எடுக்கிறோமே" என்று இருந்துவிடுகிறார்கள்.

உள்மருத்துவர்

மேடம் சொன்ன அந்த நாலு-ஆறு வாரப் பரிசோதனையை அடிக்கோடிடுகிறேன். இலக்குக்கு வரவில்லை என்றால் ஸ்டாட்டின் டோஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய லாபம் இல்லை, இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். இன்னொரு 6% அளவுக்குத்தான் இறங்கும். எஸெடிமைப் சேர்த்தால் அதைவிட நன்றாக இறங்கும். 18,144 பேரிடம் ஏழு வருடம் நடந்து 2015-இல் வெளியான இம்ப்ரூவ்-இட் ஆய்வில், சிம்வாஸ்டாட்டினோடு அதைச் சேர்த்ததில் பாதிப்புகள் 34.7%-லிருந்து 32.7%-ஆகக் குறைந்தன. பெரிய குறைவு இல்லை, ஆனால் ஸ்டாட்டின் அல்லாத வழியில் எல்.டி.எல். இறங்கினாலும் பலன் உண்டு என்பதை அது உறுதிசெய்தது. அதற்கு மேல் வேண்டுமானால் எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் இன்க்ளிசிரானும் வந்துவிட்டது. ஸ்டாட்டினே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரை. அது தசைக்குள் போய் வேலை செய்யாது. 2023-இல் ஏறக்குறைய 14,000 பேரிடம் நடந்த ஆய்வில் பெரிய பாதிப்புகளை 13% குறைத்தது.

"கொலஸ்ட்ரால் மூளைக்கு வேண்டும், இவ்வளவு குறைக்கலாமா" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது, ரத்தத்தில் ஓடுவதை எடுப்பதில்லை. எவோலோகுமாப் ஊசியால் எல்.டி.எல். 30 வரை இறங்கியவர்களின் நினைவாற்றலைத் தனியாகச் சோதித்தார்கள், ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை.

செம்பருத்தி

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன், முதல் தடவை எழுதுகிறேன். அம்மாவுக்கு 78 வயது, அட்டாக் வந்து இரண்டு வருடம் ஆகிறது, அடோர்வா 40 எடுக்கிறார். ஹெச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி) 6.1-லிருந்து 6.6 ஆகிவிட்டது. ஸ்டாட்டின் சுகரை ஏற்றும் என்கிறார்களே, இந்த வயதில் இனி தேவையா? இன்னொரு சந்தேகம்: நெஞ்சில் சளி கட்டியதற்காக நேற்று வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

உள்மருத்துவர்

சுகரைக் கொஞ்சம் ஏற்றுவது உண்மை. 255 பேர் நான்கு வருடம் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரும் என்பது 2010-இல் வந்த தொகுப்புக் கணக்கு. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். உங்கள் அம்மா 6.1-இல் எல்லையில்தான் இருந்தார். சுகருக்கு மருத்துவம் பாருங்கள், அதற்காக ஸ்டாட்டினை விடாதீர்கள். ஒரு தடவை அட்டாக் வந்தவருக்கு சுகரும் சேர்ந்தால் ஸ்டாட்டின் இன்னும் அதிகம் தேவை. 75 வயதைத் தாண்டியவர்களிலும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குப் பலன் இருக்கிறது என்று 28 ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் காட்டினார்கள். நோயே வராத முதியவர்களுக்குத்தான் அந்த அளவு உறுதியில்லை.

மாத்திரைப்பெட்டி

செம்பருத்தி அக்கா, கிளாரித்ரோமைசினை அடோர்வாவோடு சேர்த்து இன்று கொடுக்க வேண்டாம். அடோர்வாவை உடைக்கும் ஈரல் நொதியை அது தடுத்துவிடும், ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு பல மடங்கு ஏறும், தசை சிதைவு வருவது இந்த மாதிரிச் சேர்க்கையில்தான் அதிகம். 78 வயதில் அந்த ஆபத்து இன்னும் கூடும். சில பூஞ்சை மருந்துகளும், கிரேப்ஃப்ரூட் சாறு நிறையக் குடிப்பதும் இதே வேலையைச் செய்யும்.

எழுதித் தந்த மருத்துவருக்கு இப்போதே போன் செய்து, அம்மா அடோர்வா எடுக்கிறார் என்று சொல்லுங்கள். அவர் ஆன்டிபயாட்டிக்கை மாற்றலாம், அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அல்லது கோர்ஸ் முடியும்வரை அடோர்வாவை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். நிறுத்தச் சொன்னால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை அடோர்வா அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். சில நாளைக்கு என்று நிறுத்தியது அப்படியே மாதக்கணக்கில் நின்றுபோவதை நிறையப் பார்க்கிறேன்.